மாட்டுக் கொட்டகையைப் பூங்காவுக்குள் தள்ளிய கோடு

நடந்தது இது:

1. மலையடிவாரக் காட்டை மாநிலப் பூங்கா ஆக்கினார்கள். பூங்காவுக்கும் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்கும் இடையிலான எல்லையை மறுபடி அளக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது.

2. பழைய எல்லைக்கற்கள் பதினொன்றில் பத்தைக் கண்டுபிடித்தோம்.

3. ஐந்தாவது கல்லை இரண்டு நாள் தேடினோம். கிடைக்கவில்லை.

4. களக்குறிப்பில் "கல் காணவில்லை" என்று எழுதினேன். கையெழுத்து என்னுடையது.

5. பழைய வரைபடத்தில் அந்த மூலையைப் பூச்சி அரித்திருந்தது. எனவே நான்காவது கல்லையும் ஆறாவது கல்லையும் நேர்கோட்டில் இணைத்தோம்.

6. வரைபடம் போனது. ஒப்புதல் வந்தது.

7. நான்கு மாடு வைத்திருந்த ஒரு பெண்ணுக்குக் கடிதம் போனது. அவருடைய கொட்டகை பூங்காவுக்குள் இருக்கிறது, முப்பது நாளில் அகற்ற வேண்டும்.

8. ஐந்தாவது கல் எங்கும் போயிருக்கவில்லை.

முதல் ஏழும் எந்த அளவை அலுவலகத்திலும் நடக்கக் கூடியவை. எட்டாவதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது.

எண்பதுகளின் பிற்பாதி அது. மலாய்த் தீபகற்பத்தை ஒட்டிய தீவில், ஜார்ஜ்டவுனில், பீச் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த தனியார் நில அளவை அலுவலகத்தில் நான் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தேன். எங்கள் முதலாளியை எல்லோரும் பெரியவர் என்போம். எங்கள் வீட்டாரைப் போலவே யாழ்ப்பாண வழி வந்தவர். பாலம் திறந்த பிறகும் ஃபெர்ரியில்தான் அக்கரைக்குப் போவார், எங்களையும் அப்படியே போகச் சொல்வார். டிப்ளோமா முடித்து, அந்த அலுவலகத்தில் தியோடலைட் அளவைக் கருவியோடு வெளிவேலைக்குப் போன ஒரே பெண் நான். அம்மா அதை உறவினர்களிடம் பெருமையாகச் சொல்வார். என் சேற்றுக் காலணியைப் பின்கட்டில் கழுவும்போது மட்டும் சொல்ல மாட்டார்.

அக்கரையில் சுங்கை பாக்காப்பைத் தாண்டிப் போனால் செம்பனை முடிகிற இடத்தில் மலை தொடங்கும். அந்தக் காட்டைச் சுற்றி மூன்று சிறு ஊர்கள். ஆற்றோரத்தில் மலாய்க் காம்போங். சாலைப் பக்கம் டுரியான் தோப்பு வைத்திருந்த சீனக் குடும்பங்கள். கீழே தோட்டத்து லயத்து வீடுகள், எல்லாம் தமிழர்கள். பூங்கா என்று பெயர் வந்ததும் ஒவ்வோர் ஊரும் ஒவ்வொன்றைப் புரிந்துகொண்டது. காம்போங்கில், பிள்ளைகளுக்குக் காவலாளி வேலை கிடைக்கும் என்று நினைத்தார்கள். டுரியான்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை கார்கள் வரும் என்று இப்போதே சாலையோரத்தில் பலகை அடித்துவிட்டார்கள். லயத்தில் யாரும் எதுவும் நினைக்கவில்லை, ஏனென்றால் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. பூங்கா பற்றிய கூட்டத்துக்குத் தோட்டத்தின் சார்பில், கணக்கெழுதும் கிராணி போயிருந்தார். திரும்பி வந்து, சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொன்னாராம்.

எல்லையைத் தேடுவதற்கு உதவியாகக் காம்போங்கிலிருந்து ஒருவர் வந்தார், மலாயில் மாமா என்பதுபோல அவரைப் பக்சிக் என்போம். ஐம்பது வயது இருக்கும். பாராங் கத்தியால் லாலாங் புல்லை வெட்டி எங்களுக்கு வழி போடுவது அவர் வேலை. என்னை "சிக்" என்று மரியாதையாக அழைப்பார். ஐந்தாவது கல்லுக்காக நாங்கள் தேடிய இடங்களின் பட்டியல் களக்குறிப்பில் இருக்கிறது: வாய்க்காலின் இரு கரை, சாய்ந்து கிடந்த மரத்தின் அடி, கரையான் புற்று இரண்டு, பழைய ரப்பர் மரத்தின் வேர், மாட்டுக் கொட்டகையின் பின்புறம். பட்டியலில் இல்லாத இடம் ஒன்று இருந்தது. பெரிய மரத்தடியில், தகரக் கூரைக்குக் கீழே, பாவாடை கட்டிச் சந்தனம் பூசிய ஏழு கற்கள் வரிசையாக நின்றன. கன்னிமார்.

பக்சிக் அங்கே நின்று மலாயில் கேட்டார். "சிக், இங்கேயும் பார்க்கட்டுமா?"

"வேண்டாம் பக்சிக். அது சாமி."

"கல்தானே?"

"சாமிக் கல்."

அவர் உடனே கத்தியைத் தாழ்த்திக்கொண்டு விலகிவிட்டார். நானும் விலகினேன். எங்கள் வீட்டில் கோயில் என்றால் கோபுரம், தேர், அர்ச்சனைச் சீட்டு. தோட்டத்துச் சாமிகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், தெரியாமல் கை வைக்கக் கூடாது. அந்த மரியாதையோடு அதே மர நிழலில் உட்கார்ந்து இருவரும் மதியச் சாப்பாட்டைப் பிரித்தோம். வலமிருந்து மூன்றாவது கல் மட்டும் மற்றவற்றைப் போல உருண்டையாக இல்லாமல் சதுரமாக இருப்பதைப் பார்த்தேன்கூட. பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். பிறகு எழுந்து கை கழுவி, "கல் காணவில்லை" என்று எழுதினேன்.

சில மாதங்கள் கழித்து, வேலிக்காரர்கள் அடித்த முளைகள் எங்கள் கோட்டில் இருக்கின்றனவா என்று சரிபார்க்க மறுபடி போனேன். அன்று வெள்ளிக்கிழமை. மோட்டார் சைக்கிளின் பின்னால் புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெண் என் முன்னால் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"நீதானே அன்னைக்கு முக்காலிய வச்சிக்கிட்டு ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு நின்ன பொண்ணு?"

"ஆமாக்கா."

"நல்லதாப் போச்சு. வா, நீயே வந்து என் மாட்டுங்ககிட்ட சொல்லு. 'இது பூங்கா, வெளிய போங்கடி'ன்னு. நான் சொன்னா கேக்க மாட்டேங்குதுங்க."

கொட்டகைக்கு அழைத்துப் போனார். நான்கு மாடுகள், அதில் ஒன்று சினை. கூரையில் செருகியிருந்த கடிதத்தை எடுத்துக் காட்டினார். பாதிதான் இருந்தது.

"மீதி?"

"அந்தச் செவலை தின்னுட்டா. எனக்கு வந்ததுன்னு நெனைக்கிறியா? அவளுக்குத்தான் வந்தது, அவ படிச்சிட்டா."

தின்னாமல் விட்ட பாதியில் தேதி இருந்தது. முப்பது நாளில் பதினொன்று போய்விட்டது. அக்கா சொன்ன விஷயம் எளிமையானது. தோட்டத்தில் வேறெங்கும் மாடு கட்டக் கூடாது, கன்றுச் செம்பனையைக் கடித்துவிடும் என்று தோட்ட நிர்வாகியான துரை தடை போட்டிருந்தார். அனுமதித்த மூலை இது ஒன்றுதான். கொட்டகை போனால் மாடுகளை விற்க வேண்டும். லயத்திலும் சாலையோரக் கடைகளிலும் காலைப் பால் ஊற்றித்தான் அவர் குடும்பம் நடந்தது. துரையிடம் போய்ச் சொன்னதற்கு, கோட்டுக்கு அந்தப் பக்கம் தன் பொறுப்பில்லை என்றாராம்.

"அக்கா, கோடு நாங்க இஷ்டத்துக்குப் போடல. கல்லு கெடைக்கல, அதனால நேரா—"

"நேரா போட்டுட்டியா? தோட்டம் கன்னிமார் வரைக்கும். எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். லயத்துல யாரக் கேட்டாலும் சொல்வாங்க. அவளுங்கதான் எல்லைக்காரிங்க."

"அப்ப ஏன் யாரும் அன்னைக்கு என்கிட்ட சொல்லல?"

"நீ யாரக் கேட்ட?"

பக்சிக்கைக் கேட்டேன், வரைபடத்தைக் கேட்டேன், கரையான் புற்றைக்கூடக் கேட்டேன். பத்தடி தள்ளிப் பால் கறந்துகொண்டிருந்தவரைக் கேட்கவில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் பால் கன்னிமாருக்கு. அதுதான் அக்காவின் வழக்கம். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடப் போனேன். அவர் ஒவ்வொரு பாவாடையாக அவிழ்த்து, பழைய சந்தனத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார். மூன்றாவது கல்லின் தலையில் தண்ணீர் ஓடியபோது நான்கு இலக்கங்கள் தெரிந்தன. மற்ற எல்லைக்கற்களில் இருந்த அதே உளி வெட்டு. எங்கள் நான்காவது எல்லைக்கல்லின் எண்ணுக்கு அடுத்த எண். கல் நட்ட இடத்திலேயே நேராக நின்றது. யாரோ ஒரு காலத்தில் காட்டில் தனியாக நின்ற கல்லைப் பார்த்து, அதற்குத் துணையாக ஆற்றிலிருந்து ஆறு கற்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

"அக்கா, இந்த நம்பர்..."

"அம்மன் நம்பர். உனக்குத் தெரியாதா? எங்க சித்தப்பாவுக்கு நாலு நம்பர் லாட்டரில ரெண்டு தடவ அடிச்சிச்சி. லயத்துல எல்லாரும் எழுதுவாங்கலா. சீனன் கடையில இந்த நம்பர் சொன்னாலே 'தோட்டமா?'ன்னு கேப்பான்."

அதாவது, இரண்டு நாள் அட்டை கடிக்கக் கடிக்க நான் தேடிய எண்ணை லயம் முழுவதும் மனப்பாடமாகச் சொல்லும். லாட்டரிக் கடைக்காரரும் சொல்வார். எங்கள் அலுவலகத்தில் மட்டும் அது காணாமற்போயிருந்தது. எனக்கு யார்மீது கோபப்படுவது என்று தெரியவில்லை. வரிசைப்படுத்திப் பார்த்தேன். வரைபடத்தை அரித்த பூச்சி, சாப்பாட்டுக்குப் போன கிராணி, சாமி நம்பருக்கு விளக்கம் தேடாத லயத்து மக்கள், "அது சாமி" என்று சொன்ன நான். எப்படி வரிசைப்படுத்தினாலும் கடைசி ஆள் மேலே வந்தாள்.

திங்கட்கிழமை பெரியவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கல்லு காணேல்லை எண்டு நீர்தானே எழுதினனீர்?"

"ஓம் ஐயா."

"இப்ப கண்டிட்டன் எண்டு வந்து நிக்கிறீர். எங்கை கிடந்தது?"

"கிடக்கேல்லை ஐயா, நிக்குது. கும்பிடுகினம்."

அவர் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "எத்தினை வருசமா?" என்றார். தெரியாது என்றேன். "எங்கட சர்வேக்காரரிலையும் பார்க்க அவை நல்லா வச்சிருக்கினம்," என்றார். ஆனாலும் வேலை வேலைதான். கல்லின் எண்ணைத் தாளில் தேய்த்துப் பிரதி எடுக்க வேண்டும், பூங்கா அலுவலகத்திலிருந்து ஒருவர் நேரில் பார்க்க வேண்டும், பார்க்கும்போது கல்லின் தலை வெறுமையாக இருக்க வேண்டும். "பாவாடை கட்டின கல்லை ஒருத்தரும் ஏற்க மாட்டினம், பிள்ளை."

இதைச் சொல்லத் தோட்டத்து மண்டோரிடம் போனேன். வேலையாட்களை மேய்ப்பதும் அவர்தான், கன்னிமார் கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். பூங்கா அலுவலகத்தில் அவரிடம் ஏற்கெனவே வாய்ப்பேச்சாகச் சொல்லியிருந்தார்கள், சாமி பூங்காவுக்குள் இருக்கலாம், மாடுதான் இருக்கக் கூடாது என்று. அதனால் அவருக்கு எந்தக் கவலையும் இல்லை. கவலையை நான் கொண்டுபோனேன்.

"இதப் பாருங்க மிஸ். நேத்து வரைக்கும் அவ அம்மன். இன்னைக்கு கவர்மெண்டு கல்லுங்கிறீங்க. நாளைக்கு கவர்மெண்டு வந்து தூக்கிட்டுப் போச்சுன்னா? ஆறு கன்னிமாருக்கு எந்த ஊர்ல பூச போடறாங்க?"

"யாரும் தூக்க மாட்டாங்க. எல்லைக்கல்ல அசைக்கவே கூடாதுன்னுதான் சட்டம்."

"அப்ப எங்க சாமிக்கு கவர்மெண்டு காவல்ங்கிறீங்க."

"ஒரு வகையில ஆமா."

"ஒரு வகையில வேணாம் மிஸ். நாங்களே பாத்துக்கறோம்."

"அக்காவோட மாடு?"

"மாடு பாவம்தான். ஆனா சாமி மேல கை வைக்கறதுன்னா நான் ஒத்துக்க மாட்டேன்லா."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அதே வார்த்தையைத்தான் பக்சிக்கிடம் சொல்லியிருந்தேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை போனபோது, அக்கா கொட்டகை வாசலில் ஈரச் சேலையோடு நின்றிருந்தார். மண்டோர் அவருக்கு எதிரே நின்றார், கையில் கொத்துக்கரண்டி. இருவரும் ஒரே நேரத்தில் என்னிடம் பேசினார்கள். மெதுவாக விஷயம் பிரிந்தது. கமிட்டி கூடி ஒரு முடிவு எடுத்திருக்கிறது. எண் இருப்பதால்தானே தொல்லை, எண் இல்லாவிட்டால் அது வெறும் சாமி. ஆகவே காலையில் மண்டோர் சிமெண்டு குழைத்து, மூன்றாவது கன்னியின் தலையில் வழவழவென்று பூசிவிட்டு, தேநீர் குடிக்கப் போயிருக்கிறார். அக்கா பார்த்திருக்கிறார்.

"டீ குடிச்சிட்டு வரதுக்குள்ள ரெண்டு வாளி தண்ணி ஊத்திட்டேன். மாடு குளிப்பாட்ட வச்ச தண்ணி. காயறதுக்கு முன்னாடி போயிடுச்சி."

"அம்மன் தலையில மாட்டுத் தண்ணி!" என்றார் மண்டோர்.

"அம்மன் தலையில சிமெண்டு பூசினவரு பேசறாரு. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம எந்த மாட்டுப் பால்லண்ணே அவ குளிக்கிறா? உங்க வீட்டு டின் பால்லயா?"

மண்டோர் என்னைப் பார்த்தார். நான் முக்காலியின் திருகைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். ஏழு நாள்தான் மீதம் இருந்தது, அதற்குள் இந்தச் சண்டை எப்படி முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. வேறொரு வழியும் தோன்றவில்லை. நான் யோசித்து வைத்திருந்தவை எல்லாம் கடிதங்கள்.

வழியை அக்காவே சொன்னார். குரலை இறக்கிக்கொண்டார், கெஞ்சவில்லை.

"அண்ணே, அவ குளிக்கறப்ப பாவாட இல்லாம இருக்கறத நாம எல்லாரும் பாக்கத்தானே செய்றோம்? அது குத்தமா? அந்த நேரத்துல ஆபிசரும் வந்து பாத்துட்டுப் போகட்டும். குளிச்சி முடிச்சா நாம பழையபடி கட்டிவிட்டுடுவோம். யாரும் தனியா அவுக்க வேணாம், தனியா தொட வேணாம்."

மண்டோர் கொத்துக்கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"செருப்ப கழட்டிட்டு வரணும்."

"கழட்டிட்டுத்தான்."

"பெரிய ஆபிசரா இருந்தாலும்."

"எவ்ளோ பெரியவரா இருந்தாலும்."

வெள்ளிக்கிழமை காலை வந்தார்கள். பெரியவர் காலணியை மரத்தடியில் ஒழுங்காக வைத்துவிட்டு, வேட்டியில் கோயிலுக்குப் போகிறவரைப் போலச் சுலபமாக நடந்தார். பூங்கா அலுவலகத்திலிருந்து வந்த மலாய் அதிகாரிக்கு அவ்வளவு சுலபமாக இல்லை, அவர் காலுறைக்குள் அட்டை ஏறிவிட்டது. பக்சிக் அதை எடுத்துப் போட்டார். அக்கா பாவாடையை அவிழ்த்தார், பால் ஊற்றினார், மஞ்சள் கரைத்த தண்ணீர் ஊற்றினார். மூன்றாவது கல்லின் தலை வெறுமையானது. நான் தாளை விரித்து மென்பென்சிலால் தேய்த்தேன். மஞ்சள் நீர் ஊறி, எண் மஞ்சளும் கறுப்புமாக எழும்பியது. பெரியவர் தூக்குக்குண்டைக் கல்லுக்கு நேர்மேலே பிடித்து நிறுத்த, பக்கத்து மேட்டில் வைத்த கருவியிலிருந்து நான் அளந்தேன். அளவு முடிந்து திரும்பி வந்தால் தூக்குக்குண்டில் குங்குமப் பொட்டு இருந்தது. யார் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பெரியவரும் துடைக்கவில்லை.

அதிகாரி என்னிடம் மலாயில் ஒன்றுதான் கேட்டார். முதல் தடவை அளந்தபோது இந்தக் கல் இங்கேதானே இருந்தது?

"இருந்தது," என்றேன்.

பக்சிக் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியாது. முன்பு மரத்தடியில் அவர் என்னிடம் கேட்டிருந்த கேள்வியை அதிகாரியிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அன்று முழுவதும் நினைத்து, ஃபெர்ரியில் ஏறிய பிறகுதான் சொல்லவில்லை என்பது ஞாபகம் வந்தது.

அலுவலகத்தில் பெரியவர் தாளை மூக்கருகே பிடித்தார். "சாம்பிராணி மணக்குது. ஃபைலுக்குள்ளை வையும், பூச்சி வராது." திருத்திய வரைபடத்தில் அந்த இடத்தில் "பழைய கல்" என்று மட்டும் எழுதினோம். வேறு எதுவும் எழுத அங்கே குறியீடு இல்லை. கொட்டகை பற்றிய கடிதத்தை நிறுத்திவைத்ததாகப் பூங்கா அலுவலகத்திலிருந்து தகவல் வந்தபோது முப்பது நாளில் இரண்டு பாக்கி இருந்தது. அக்காவிடம் சொல்லப் போனேன். அவர் கேட்டுவிட்டு, புல்லை வெட்டிக்கொண்டே, "அப்ப அந்த முளைய யாரு புடுங்குவா?" என்றார். மாடுகளின் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எங்கள் நேர்கோட்டின் முளை இன்னும் நின்றது. வேலிக்காரர்களிடம் மூன்று தடவை சொன்னேன். நான்காவது தடவை நானே பிடுங்கினேன்.

களக்குறிப்பில் எதையும் அழிக்கக் கூடாது. தவறான வரியின் மேல் ஒற்றைக் கோடு போட்டு, சரியானதைக் கீழே எழுதிக் கையெழுத்திட வேண்டும். "கல் காணவில்லை" என்பதன் மேல் ஒரு கோடு போட்டு, "கல் இருக்கிறது" என்று எழுதினேன். இரண்டு கையெழுத்தும் என்னுடையவை.

கடைசியாக நான் போய்ப் பார்த்தபோது இருந்த நிலைமை: கொட்டகை அதே மூலையில், தோட்டத்துப் பக்கம் இருக்கிறது. மாடுகள் ஐந்து. கன்னிமாரில் நால்வர் பூங்காவுக்குள், இருவர் தோட்டத்துக்குள், ஒருவர் எல்லையில். வேலி அவர்களுக்கு முன்னால் நின்றுபோய், அவர்களைத் தாண்டியதும் மறுபடி தொடங்குகிறது. பூங்கா வாசலில் உள்ள பெரிய விளம்பரப் பலகையின் வரைபடத்தில் எங்கள் பழைய நேர்கோடுதான் இருக்கிறது. மாற்றச் சொல்லி மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இல்லை.